ஊசி போடாமல் எடுத்த படம்

காலையிலிருந்து நாப்பத்திரெண்டு படம் பார்த்தாச்சு. கண்ணு ரெண்டும் எரியுது. ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுறதுதான் என் பொழப்பு. இருட்டு ரூம், ரெண்டு திரை, ஆறிப்போன டீ. நோயாளி முகத்தை நான் பார்க்கிறதே இல்ல, முதுகெலும்பைத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது ஒரு பஸ் டிரைவர். இடுப்பு வலி, வலது கால் மரத்துப்போகுது. கூடவே பழைய ரிப்போர்ட் ரெண்டு. போன வருஷத்ததுல, 'நீர்க்கட்டி, முன்பு இருந்தபடியே'ன்னு ஒரே வரி. எங்க தொழில்ல இது ஒரு வியாதி. முந்தினவர் எழுதினதை அப்படியே எடுத்துப் போட்டுட்டு அடுத்த படத்துக்குப் போயிடுவோம். நானும் அதையேதான் தட்ட ஆரம்பிச்சேன். பாதியில விரல் நின்னுபோச்சு. கட்டி, முதுகெலும்புல நரம்பு வெளிய வர்ற ஓட்டைக்குள்ள நுழைஞ்சு, அந்த ஓட்டையையே அகலமாக்கியிருந்துச்சு.

"அண்ணே, அவரை அனுப்பிடாதீங்க. ஊசி மருந்து போட்டு இன்னொரு வாட்டி எடுங்க."

"சாப்பாட்டு நேரம்மா," என்றார் டெக்னீஷியன்.

"சாப்பாடு எங்கயும் ஓடிடாது."

எடுத்தார். வெறும் நீர்க்கட்டி அந்த மருந்தை வாங்காது. இது சுவர் முழுக்க வாங்கி, வளையமா பளிச்சுன்னு நின்னுச்சு. நரம்பு உறையில வளர்ற கட்டி, உள்ள தண்ணி கோத்துக்கிட்டு நீர்க்கட்டி வேஷம் போட்டிருக்கு. அபூர்வம்தான். பெரும்பாலும் புற்று இருக்காது, எடுத்துடலாம். ஆனா இத்தனை நாள் நசுங்கின நரம்பு?

"எந்தப் புண்ணியவான் அன்னைக்கு ஊசி வேண்டாம்னது?" கத்திக்கிட்டே முதல் ரிப்போர்ட்டைத் திறந்தேன். ரெண்டு வருஷம் பழசு. 'சாதாரண நீர்க்கட்டி. வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊசி தேவையில்லை.' கீழே என் கையெழுத்து.

அண்ணன் எட்டிப் பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட தேவலாம்.

பழசைப் பத்தி மூச்சு விடாம புதுசா எழுதிடலாம், யார் கேக்கப்போறா? நினைச்சேன். வெக்கமா இருந்துச்சு. எழுந்து ஸ்கேன் ரூமுக்குள்ள போனேன்.

டிரைவர் ஊசி போட்ட கையில பஞ்சை அழுத்திக்கிட்டு உக்காந்திருந்தார்.

"ஐயா, முதல் படத்தைப் பார்த்தது நான்தான். தப்பா எழுதிட்டேன். இது நரம்புலயே வளர்ற கட்டி. ஆபரேஷன் பண்ணணும். கால் முழுசா சரியாகுமான்னு உறுதியா சொல்ல முடியல."

கிழிகிழின்னு கிழிப்பார்னு நின்னேன்.

"அப்ப நான் நடிக்கலையா?" என்றார்.

"இல்லைங்கய்யா."

"டிப்போவுல சோம்பேறின்னாங்க. வீட்லயும் அதேதான். கடைசியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா." கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "வெளிய என் சம்சாரம் இருக்கா. நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

பெஞ்சுல அந்தம்மா, மடியில ஒத்தைச் செருப்பு.

"பாருங்கம்மா, வாசல்லயே கழண்டு விழுந்துச்சு. தெரியாத மாதிரி போறார். நான் பின்னாலயே பொறுக்கிட்டு வரணுமாம்!"

பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். கால் மரத்துப்போனதால, செருப்பு கழண்டது அவருக்கு நிஜமாவே தெரியாதுன்னும் சொன்னேன்.

அந்தம்மா செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"நேத்துக்கூட வாய்க்கு வந்தபடி ஏசினேன்," என்றாங்க. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "உங்க ரிப்போர்ட்டை நம்பித்தானேம்மா ஏசினேன்."