கார்லீனின் லத்தீன்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பிள்ளைகளுக்கு லத்தீன் உட்பட எல்லாப் பாடங்களையும் வீட்டிலேயே நடத்தும் தாய்மார்கள் தேவாலயக் கூடத்தில் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு ஊக்க உரை ஆற்ற வேண்டியவள் கார்லீன். தான் லத்தீனில் கரைகண்டவள் என்று எல்லோரையும் நம்ப வைத்திருந்தாள். குட்டு உடைந்துவிடுமோ என்று பயந்தாள்.

முதலில் அவள் மகள் டிர்சா லத்தீன் பாடம் ஒன்றைக் கடகடவென்று ஒப்பித்தாள்.

"அடேங்கப்பா! இதுக்கு அர்த்தம் என்ன கண்ணு?" என்று கேட்டாள் குழுத் தலைவி வெர்னா.

"அது அம்மாவுக்கே தெரியாது ஆன்ட்டி. விடைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் திருத்துவாங்க."

எல்லோரும் கார்லீனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"விடைப் புத்தகம் வேற இருக்கா?" என்றாள் வெர்னா. "இத்தனை வருஷமா மூச்சு விடலையேடி, பாவி!"

அதன் பெயரைக் குறித்துக்கொள்ள எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.