மறதிக்காரன் வேடம்

என் கணவர் நாதிர் பஹ்கத்துக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னது ரமலானுக்குக் கொஞ்சம் முன்னால். வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"வெளிய மூச்சு விடாத இன்ஷிராஹ். மறதின்னு பேர் வந்துட்டா அப்புறம் நடிக்க எவன் கூப்பிடுவான்? வீட்ல உக்காந்து பூசணி விதை கொறிச்சுப் பொழுத ஓட்டவா நான் பொறந்தேன்?"

ஷுப்ரா பேட்டையில் தையல்காரர் மகனாகப் பிறந்து, கெய்ரோ முழுக்கச் சினிமா சுவரொட்டியில் நின்றவர். டாக்சிக்காரன் இன்றைக்கும் அவரிடம் காசு வாங்குவதில்லை. நானும் புத்தியைக் கடன் கொடுத்துவிட்டுச் சத்தியம் செய்தேன்.

ரமலான் மாதத்து டிவி தொடரில் அவருக்கு ஹாஜி உகாஷா என்ற ஜவுளி வியாபாரி வேடம். எங்கள் ஊர்த் தொடர்கள் சமாசாரம் தெரிந்ததுதானே? பாதி எடுக்கும்போதே ஒளிபரப்பு தொடங்கிவிடும். காலையில் எழுதியதை மத்தியானம் எடுப்பார்கள், நோன்பு திறந்த கையோடு ஊரே பார்க்கும். மாத்திரை கொடுக்கிற சாக்கில் நானும் கூடவே போய், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை வாயசைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், மகனாக நடிக்கிற பையனைத் திட்ட வேண்டிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். நான் வாயசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நீ யார் வீட்டுப் புள்ளப்பா?" என்று அந்தப் பையனிடம் மெதுவாகக் கேட்டார்.

பையன் நிஜமாகவே அழுதுவிட்டான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் டைரக்டர் வக்தி ஓடிவந்து அவர் நெற்றியில் முத்தமிட்டான். எழுத்தாளன் கையிலிருந்த வசனத்தைக் கிழித்துப் போட்டான். கதையில் இனிமேல் ஹாஜி உகாஷாவுக்கு நினைவு தப்பிப்போகிறதாம்.

"எங்கேர்ந்து புடிச்சீங்க இத, உஸ்தாத்?" என்று மரியாதையாகக் கேட்டான் வக்தி.

"தொழில் ரகசியம்பா" என்று இவர் சிரித்தார். காரில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பித்தோம் என்றார்.

அதற்கப்புறம் என் வாயசைப்புக்கு வேலை இல்லை. அவர் தடுமாறத் தடுமாறத் தொடர் உச்சத்துக்குப் போனது. பத்திரிகைகள் கொண்டாடின. லிஃப்டில் பார்க்கிறவர்களெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். சிரித்தேன். கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பைக்குள் மறைத்தேன்.

கடைசி அத்தியாயத்தை வீட்டில் பார்த்தோம். மசூதியில் பாங்கு சொன்னதும், பருப்பு சூப்பை அப்போதுதான் ஊற்றியிருந்தேன். திரையில் ஹாஜி உகாஷா தன் கடை வாசலிலேயே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"யாரு இந்த ஆளு? நடிக்கிற மாதிரியே தெரியல."

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தயாரிப்பாளர். அடுத்த ரமலானுக்கும் உஸ்தாத்தான் வேண்டும் என்றார்.

"அவர் இனிமே நடிக்க மாட்டார்" என்றேன். "அது நடிப்பே இல்ல. அவருக்கு மறதி நோய்."

போனை வைத்தேன். சத்தியத்தை உடைத்ததற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று ஏங்கினேன்.

"யாருக்கு நோய்?" என்று கேட்டார்.

திரையைக் காட்டினேன்.

"அடப் பாவமே. நல்ல நடிகன்" என்றார்.