ஒருமுறை மட்டும் எரியும் கிராமம்

ஆர்தர் மோய்க்குப் படத்தில் வசனம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஜப்பானியப் படை அதிகாரி வேஷம். ஜப்பானோடு சண்டை மூண்டதும் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஜப்பானியர்களை அரசாங்கம் போன வருஷமே தடுப்பு முகாம்களுக்கு ஏற்றி அனுப்பிவிட்டதால், ஹாலிவுட்டுக்கு வேண்டிய எதிரிகளெல்லாம் சீனர்கள் குடியிருந்த சைனா டவுனிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தார்கள். விடியும்வரை காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு, வெயில் ஏறியதும் எதிரியாகிவிடலாம்.

இயக்குநர் கிராண்டல் காட்சியைச் சுருக்கமாகச் சொன்னார். "கிராமத்தைக் கொளுத்தச் சொல்லி நீ உத்தரவு போடுற. உன் பாஷையிலேயே பேசு, பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆனா குடிசைங்க பத்திரம். சண்டை முடியிறவரைக்கும் மரம் கிடைக்காது. ஒரு தடவைதான் எரிக்க முடியும்."

ஆர்தரின் பாஷை தென்சீனத்துத் தோய்சான் பக்கப் பேச்சு. தீப்பந்தம் பிடித்து நின்ற சிப்பாய் வேஷக்காரர்களுக்கும், அவன் வாளுக்கு வெட்டுப்பட வேண்டிய கிராமத்தானாகக் காலடியில் மண்டியிட்டிருந்த கிழவர் சேடோவுக்கும் அதே பேச்சுதான். ஆர்தரின் அம்மா இன்னும் தோய்சானில் இருந்தாள். ஜப்பான் படை அந்தப் பக்கம் புகுந்ததாகப் பத்திரிகையில் வந்த பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அவளுடைய பேச்சிலேயே 'கொளுத்து' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கேமரா ஓடியது. ஆர்தர் வாளை உருவினான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உறுமினான்.

"முள்ளங்கி வாடிப்போச்சு. பூசணியை எறக்கு. கீரைக்கட்டை எண்ணு."

சிப்பாய்களின் தோள்கள் குலுங்கின. ஒருவன் அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

"அண்ணே, கீரை என்ன விலை?" என்றான் இன்னொருவன்.

"வெட்டறதுன்னா சீக்கிரம் வெட்டு தம்பி," என்றார் சேடோ. "சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலிக்குது."

கிராண்டல் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வேற ஆள், ஒரு வெள்ளைக்காரன், வெளியில காத்திருக்கான். கண்ணோரத்தை இழுத்துப் பசை போட்டு ஒட்டினா அவனும் ஜப்பான்காரன்தான்."

மறுபடி கேமரா ஓடியது. இந்தத் தடவை ஆர்தர் சொல்லிவிட்டான்.

"கொளுத்து. ஒரு வீட்டையும் விடாதே."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் நகரவும் இல்லை. பந்தங்கள் மட்டும் படபடத்தன. சேடோ தலையைத் தூக்கி மெதுவாகக் கேட்டார். "யார் வீட்டைடா?"

"கட். ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க?" என்றார் கிராண்டல். ஒப்பனைக்காரி வந்து ஆர்தரின் நெற்றி வியர்வையை ஒற்றிவிட்டுப் போனாள்.

மூன்றாம் முறை, வாயைத் திறக்கும்வரை என்ன சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. அதே வாள், அதே உறுமல்.

"ஓடுங்க. மலைப்பக்கம் ஓடுங்க. அரிசியை விடு, பன்னியை விடு, அம்மாவைத் தூக்கிக்க. அவனுங்க வந்துட்டானுங்க."

சிப்பாய்கள் சுடுதண்ணீர் பட்டதுபோலப் பாய்ந்தார்கள். பந்தம் பட்ட கூரைகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. மண்டியிட்டபடியே சாகவேண்டிய சேடோ எழுந்து, வேட்டுச் சத்தம் கேட்டவர்போலக் குடிசைகளுக்குப் பின்னால் ஓடி மறைந்தார்.

நெருப்பு தணிந்ததும் கிராண்டல் அவரைப் பிடித்தார். "நீ சாகணும்யா. எதுக்கு ஓடின?"

"அதிகாரிதான் ஓடச் சொன்னார்."

கிராண்டல் ஆர்தர் பக்கம் திரும்பினார்.

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றான் ஆர்தர். வாளை உறையில் போட்டுவிட்டு, வெளியில் நிற்பவனைக் கூப்பிடும் குரலுக்காகக் காத்திருந்தான்.

கிராண்டல் கரிந்த கழிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோபம் நல்லா வந்திருக்கு. கிழவன் தப்பிச்சுட்டான்னு வெச்சுக்குவோம். அடுத்த சீன் ஆத்தங்கரை. பூட்ஸைத் துடைச்சுக்கிட்டு வா."

சேடோ ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆர்தர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"உங்கம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் சேடோ.

"உங்களைவிடச் சின்னவங்கதான் மாமா."

"அப்ப ஓடியிருப்பா."

ஆர்தர் குனிந்து பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.