தவ்ஹீதா அப்லா வகுப்பைப் படகில் ஏற்றிய நாள்

போர்ட் சயீதில் நான் ஒன்பதாவது படித்தபோது தவ்ஹீதா அப்லா எங்களுக்கு இயற்பியல் எடுக்க வந்தார். அதுதான் அவருக்கு முதல் வேலை. வயது இருபத்து மூன்று இருக்கும். எங்கள் ஊரில் ஆசிரியையை 'அப்லா' என்றுதான் கூப்பிடுவோம். எழுதும்போது சுண்ணக்கட்டி உடைந்துவிடும். அவர் குனிந்து எடுப்பதற்குள் நாற்பது பெண்களும் சிரித்து முடித்திருப்போம்.

அன்று கரும்பலகையில் இப்படி எழுதினார்: வெளிவிசை தாக்காதவரை, நகரும் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

"அதெப்படி அப்லா? எங்க தெரு தக்காளி வண்டி, கழுதை நின்னா நின்னுடுதே! கழுதை பாடம் படிக்கலையா?" என்றேன்.

வகுப்பே அதிர்ந்தது. அவர் உராய்வு பற்றி ஏதோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து இன்ஷிராஹ் எழுந்தாள். அவள் அப்பா பக்ரி, சூயஸ் கால்வாயைக் கடக்கும் பயணிகள் படகை ஓட்டுபவர். அதனால் அவளை 'டீசல்' என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பில் அவள் வாயே திறந்ததில்லை.

"எங்கப்பா கரைக்கு முன்னாடியே இன்ஜினை நிறுத்திடுவாரு அப்லா. அப்பவும் படகு அதுபாட்டுக்கு வரும். பின்பக்கமா ஓட்டி இழுத்துப் பிடிக்கலேன்னா கரையில மோதிடும்."

அப்லா சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார். பிறகு, "எல்லாரும் எழுந்திருங்க, போய்ப் பாத்துடலாம்" என்றார். தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

படகுத்துறையில் பக்ரி எங்களைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அக்கரை நெருங்கும்போது அவர் இன்ஜினை நிறுத்த, இன்ஷிராஹ் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். "இப்ப பாருங்க, சத்தம் நின்னுச்சா? யாரு தள்ளுறா? யாரும் இல்ல! தண்ணிதான் கொஞ்சங்கொஞ்சமா பிடிச்சு இழுக்குது."

மேலே சுக்கான் அறையிலிருந்து பக்ரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். படகைப் பின்னுக்கு இழுக்க மறந்தே போனார்.

கரையில் கட்டியிருந்த டயர்களில் படகு மோதியது. நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். தவ்ஹீதா அப்லா நேராக ஒரு மீன்காரியின் நண்டுக் கூடையில் போய் உட்கார்ந்தார்.

"ஐயோ என் நண்டு!" என்று அவள் அலறினாள். பக்ரி வெளிறிப்போய் ஓடிவந்தார். "மன்னிச்சிருங்கம்மா, இருபது வருஷத்துல இப்படி ஆனதே இல்ல."

பாவாடையில் ஒரு நண்டு தொங்க, அப்லா கையை உயர்த்தினார். "யாரும் நகராதீங்க! இப்ப நம்மள முன்னால தள்ளினது யாரு?"

"யாரும் தள்ளல அப்லா. படகு நின்னுச்சு, நாம நிக்கல," என்றாள் இன்ஷிராஹ்.

அப்லாதான் முதலில் சிரித்தார். அப்புறம் பக்ரி. மீன்காரிகூட நண்டைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

அந்த ஆண்டுத் தேர்வில் இந்த விதி பற்றிய கேள்விக்கு நாற்பது பேரும் சரியாக எழுதினோம். இனி வகுப்பு வகுப்பறையில்தான் என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டார். அடுத்த ஆண்டு அப்லாவுக்கு இஸ்மாயிலியாவுக்கு மாற்றலானது. காப்பிக்கடையில் பக்ரி, "எம்பொண்ணு அப்லாவுக்கே பாடம் எடுத்தா" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

இன்ஷிராஹ் முதல் பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பிறகு யாரும் அவளை 'டீசல்' என்று கூப்பிடவில்லை. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். கல்யாணமாகி சூயஸுக்குப் போனவளின் முகவரியை எங்கோ தொலைத்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.