முசுறு பிடித்த கை

செல்வதாசுக்கும் அவன் அண்ணன் குமாரதாசுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா செத்து, விளை என்கிற அந்தத் தோட்டத்தைப் பாகம் பிரித்த நாளில் நின்ற பேச்சு. ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்கள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். தம்பிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குமாரதாஸ் தன் எருமையிடம் சொல்வான். "தின்னுகது எனக்க புல்லு, கண்ணு மட்டும் அடுத்தவனுக்க விளையிலயா?" என்று அவன் போடும் சத்தம் முட்டத்துக் கடற்பாறை வரைக்கும் கேட்கும். எருமைக்குப் புரிந்ததோ என்னவோ, செல்வதாசுக்கு நன்றாகவே புரியும்.

இரண்டு விளைக்கும் நடுவே மண்ணால் எழுப்பிய ஒரு கய்யாலைச் சுவர். சுவரை ஒட்டி ஒரு மாமரம். இவை இரண்டும்தான் அதிர், அதாவது எல்லை என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். மரம் யாருக்கு என்பதைச் சொல்லாமல் போனார், புண்ணியவான். அந்த மரத்தில்தான் முசுறு எறும்பு கூடு கட்டிக்கொண்டிருந்தது.

செல்வதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து வாங்கிய கேமரா அவனிடம் இருந்தது. மூன்று கால், கறுப்புத் துணி, ஆர்மோனியத்துக்கு இருப்பதுபோல் ஒரு துருத்தி. துருத்தியை முழுக்க இழுத்துக் கிட்டே கொண்டுபோனால், பின்பக்கக் கண்ணாடியில் ஒரு எறும்பு விரல்கணு அளவுக்குத் தெரியும். அந்தக் கண்ணாடியில்தான் அவன் அதைக் கண்டான். முசுறு தன் கூட்டத்துப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு, புழு விடும் நூலால் இலையோடு இலையைத் தைக்கிறது. அதைப் போய் வாத்தியார்கள் அறையில் சொல்லித் தொலைத்தான்.

"டிராயிங் சாருக்க வீட்டில எறும்பெல்லாம் தையல் படிச்சிருக்காம்," என்றார் ஹெட்மாஸ்டர். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்குத் தையல்கார சார் என்று பெயர். ஒரே ஒரு படம் சரியாக விழுந்தால் போதும், அதை அவர்கள் மூஞ்சியில் எறிய வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு அவனுக்கு அந்த வெறி இருந்தது.

காற்று விடவில்லை. கடல் பக்கமிருந்து வரும் காற்றில் இலை நகத்தளவு ஆடினாலும் எறும்பு கண்ணாடியை விட்டே போய்விடும். காற்று நிற்கும்போது எறும்பு ஓடும். எறும்பு நிற்கும்போது காற்று வரும். சட்டைக்குள் இறங்கிய முசுறுகள் முதுகைத் தடிக்க வைத்தன. படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழுவிப் பார்த்தான், எல்லாம் புகைபோல் கலங்கல். ஆனாலும் துணிக்குள் தலையை விட்டதும், தலைகீழாக, பச்சை வெளிச்சத்தில், பால் நிறப் புழுவோடு ஒரு முசுறு நடந்து வரும். அப்போது அண்ணனும் இல்லை, ஹெட்மாஸ்டரும் இல்லை. அவ்வளவு நிம்மதி அவனுக்கு ஆலயத்தில்கூடக் கிடைத்ததில்லை.

கடைசித் தகடு மிச்சமிருந்த சனிக்கிழமை, கூடு இருந்த மரக்கொம்பில் கயிறு கட்டி இழுத்து, மண்ணில் மரக்குற்றி அடித்து முறுக்கி நிறுத்தினான். கொம்பு சாய்ந்திருந்தது அண்ணன் பக்கம். குற்றியும் அங்கேதான் இறங்கியது. கேமராவைத் தன் பக்கச் சுவரோரம் நிறுத்தித் துணிக்குள் தலையை விட்டான்.

குமாரதாஸ் வந்து பார்த்தான். மூன்று கால், கறுப்புத் துணி, இழுத்துக் கட்டிய கயிறு, தன் மண்ணில் புதுக் குற்றி. மகாராஜா சர்க்காரின் சர்வேக்காரர்கள் நிலம் அளக்க வந்தபோது இப்படித்தான் முக்காலியும் குற்றியுமாக வந்தார்கள்.

"ஏ எருமே! சர்வே வச்சி எனக்க மண்ண அளக்குதான் பாத்தியா! குற்றியும் அடிச்சாச்சி!"

எருமை அங்கே இல்லவே இல்லை.

இது போட்டோப் பெட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. செல்வதாஸ் சொல்லவில்லை. முதலில் வாயைத் திறப்பவன் தோற்றவன் என்று இத்தனை வருஷம் காத்த வீம்பு. துணிக்குள்ளேயே நின்றான்.

"மரம் இருந்தாத்தானே அதிரு!" குமாரதாஸ் வெட்டுகத்தியோடு சுவரில் ஏறிக் கொம்பை வெட்டினான். முறுக்கியிருந்த கயிறு, முறிந்த கொம்பைச் சுண்டி அவன் மேலேயே இழுத்தது. கொம்போடு அவனும் தன் விளையில் விழுந்தான். வலது கை கொம்பின் கவட்டைக்கு அடியில் நசுங்கி மாட்டிக்கொண்டது. கூடு கிழிந்து முசுறு அவன்மேல் கொட்டியது.

"செல்வா! லே செல்வா! கொம்பத் தூக்குலே!" என்று விளித்தான் குமாரதாஸ்.

செல்வதாஸ் சுவரைத் தாண்டினான். தூக்கத்தான் குனிந்தான், அது சத்தியம். குனிந்த இடத்தில் பார்த்தான். நசுங்கிய கை அசையவில்லை. சுவர் மறைவில் காற்றும் இல்லை. முன்கையில் ஒரு முசுறு, கடித்த வாயை எடுக்காமல், பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, அப்படியே நின்றது.

என் கூட்டைக் கலைத்தாய் அல்லவா என்று நினைத்தான். திரும்பிப் போய்க் கேமராவைத் தூக்கி வந்தான். கால்களை அகட்டித் தாழ்த்தினான். பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தி, எறும்பின் வாய் தெளியும்வரை பார்த்தான். லென்ஸை மூடி, தகட்டைச் செருகி, திறந்து, எண்ணி, மூடினான். அண்ணன் இடது கையால் முகத்தில் அறைந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தான். செல்வதாசுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கொம்பைத் தூக்கினான்.

படம் அற்புதமாக விழுந்தது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நின்றது. தோலுக்குள் இறங்கிய கொடுக்குவாய்கூடத் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். சட்டம் போட்டு வாத்தியார்கள் அறையில் மாட்டினார்கள். படத்தில் தையல் இல்லை என்பதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

"யாருக்க கை சார்?"

"ஏதோ ஒருத்தனுக்க கை."

படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருநாள் குமாரதாஸ் பள்ளிக்கூடத்துக்கே வந்தான். முறிந்த கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று செல்வதாஸ் முறைத்துக்கொண்டு எழுந்தான். அண்ணன் அவனைத் தாண்டிப் போய்ப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு திரும்பி, தம்பியின் முகத்தைப் பார்த்தே பேசினான்.

"எறும்பு நல்லாத்தான் விழுந்திருக்கு. நான் உன்ன விளிச்சது இதில இல்லியே, செல்வா?"