வேலூர் வெயிலும் ஒற்றை வெற்றிலையும்

வடசென்னையில் எர்ணாவூரை ஒட்டிய சின்னத்துறை மீனவக் குப்பத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் பெண் கொடுப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு தாம்பாளம், அதில் ஒற்றை வெற்றிலை. மதியம் இரண்டு மணிக்குள் வெற்றிலை தானாக அசைய வேண்டும். அசைந்தால் அந்த ஊருக்குக் கடல்காற்று வருகிறது, பெண் பிழைத்துக்கொள்வாள். அசையாவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

மகிழினிக்குப் பார்த்த, சரியாகச் சொன்னால் அவளே பார்த்துக்கொண்ட, மாப்பிள்ளை எழிலனுக்கு ஊர் வேலூர். ஏசி மெக்கானிக். அவள் வேலை செய்யும் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பழுதானபோது வந்தவன், அது சரியான பிறகும் நான்கு முறை வந்தான். சாதி, ஜாதகம், சம்பளம் எல்லாவற்றையும் ஒரு வருஷம் பேசிக் கடந்தாகிவிட்டது. மிச்சம் வெற்றிலைதான்.

ஏப்ரலில் குப்பத்துத் தலைவர் லோகநாதனும் மகிழினியின் அம்மா பட்டம்மாளும் வேலூருக்குப் போனார்கள். நாகரிகம் கருதி மூன்று மணி நேரம் கூடுதலாகவே உட்கார்ந்தார்கள். வெற்றிலை அப்பளமாகச் சுருண்டதே தவிர அசையவில்லை. நடுவில் எழிலன் நைசாக டேபிள் ஃபேனை வாசல் பக்கம் திருப்பினான். தலைவர் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

கடைசி முடிவுக்கு மே மாதத்து ஞாயிறு ஒன்றில் நண்பகலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தௌசீஃப் என்ற இளைஞர் பருவநிலை பற்றிப் பேச அனுமதி கேட்டிருந்தார். ஒரே பந்தலில் இரண்டும் முடியட்டும் என்று தலைவர் அவரையும் அன்றைக்கே வரச் சொல்லிவிட்டார்.

தௌசீஃப் இரண்டு கம்புகளுக்கு நடுவே பெரிய ஃபிளெக்ஸ் ஒன்றைத் தானே கட்டினார். அவர் போட்ட முடிச்சுகளைப் பார்த்து முன்வரிசைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஃபிளெக்ஸில் தமிழ்நாட்டு வரைபடம், மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக. அந்த வட்டாரத்தில் கலர் அடித்த வரைபடத்துக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ நிலத்தை எடுக்கப்போகிறார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் கேள்வி வந்தது.

"எத்தினி ஏக்கரு?"

"ஏக்கர் இல்லீங்க. இது வெயில்."

"டெண்டர் வுட்டாச்சா?"

"யாரும் விடலைங்க. உலகம் சூடாகுது. அதனால ஒவ்வொரு ஊரோட வெயிலும் மழையும் மெதுவா இடம் மாறுது. எது எங்க போகும்னு கம்ப்யூட்டர்ல கணிச்சுப் பாத்த படம்."

"இதுக்கு ஸ்டே வாங்க முடியாதா?"

தௌசீஃப் யோசித்தார். "ஓரளவு முடியும். ஆனா எல்லா நாடும் சேர்ந்து வாங்கணும்."

"அப்ப நடக்காது" என்று சொல்லிவிட்டுக் கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து இன்னொருவர், "முட்ச்சிட்டு அந்த ஃபிளெக்ஸ குட்து போ சார். நம்ம வூட்டு கூரை ஒழுவுது" என்றார்.

மகிழினி எழுந்தாள். "சார், 2065ல நம்ம குப்பத்துல எந்த ஊரு வெயில் அடிக்கும்?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. இப்படியே புகைய விட்டுக்கிட்டு இருந்தா, இந்தக் கணிப்புப்படி, இன்னைய வேலூர் மாதிரி இருக்கலாம்."

"கேட்டியாம்மா? வேலூருக்கு நீ என்னை அனுப்பலன்னாலும் வேலூரே நம்மகிட்ட வந்துகினு கீது."

பட்டம்மாள் இறால் கூடைக்கு எடை பேரம் பேசி விற்கிறவள். லேசில் விடமாட்டாள். "சரி சார். அது இங்க வந்துட்டா, வேலூரு எங்க போவும்?"

தௌசீஃப் சிவப்பில் விரலை வைத்தார். "அது இன்னும் சூடாகும். ராஜஸ்தான் பக்கம் மாதிரின்னு வச்சுக்குங்க."

பந்தலில் சலசலப்பு. முடிவைக் கேட்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த எழிலனைத் தலைவர் பார்த்தார். கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்த எழிலன் நிமிர்ந்தான்.

"நைனா, நெஜத்த சொல்லு. உனுக்கு வேலூரா, ராஜஸ்தானா?"

"காட்பாடிங்க."

"பாரு அண்ணே, மூணாவதா ஒரு ஊர சொல்றான்" என்றாள் பட்டம்மாள். "என் பொண்ண நான் ஒட்டகத்துக்கு தண்ணி காட்டவா பெத்தேன்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "சட்டம் சட்டந்தாம்மா மகிழினி. வேலூர்ல வெத்தல அசையல. சம்பந்தம் வாணாம்னு எழுதிக்கலாம்."

"எழுது மாமா. அதுக்கு முன்னாடி தட்ட பாரு."

கூட்டம் தொடங்கும்போதே அவள் தலைவர் முன்னால் ஒரு தாம்பாளத்தை வைத்திருந்தாள். மரியாதைக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதில் ஒற்றை வெற்றிலை, சுவரில் ஒட்டிய பல்லியைப் போல, அசையாமல் கிடந்தது.

"மணி இன்னா?"

தலைவர் போனைப் பார்த்தார். "ரெண்டே கால்." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. எல்லாத் தலைகளும் அம்மன் கோயில் கொடியின் பக்கம் திரும்பின. அது காயப்போட்ட லுங்கிபோல் தொங்கியது.

"நான் தெனம் ரெண்டு மணிக்கு சோறு துன்ன வர்றேன். இந்த மாசம் ஒரு நாளும் காத்து வர்ல. வர்ற வெள்ளிக்கெழம உன் புள்ளைக்கு பொண்ணு குடுக்க திருவொத்தியூர்லேர்ந்து தட்ட தூக்கிகினு வர்றாங்க. உன் வாசல்ல வெத்தல அசையுமா மாமா?"

கல்யாணத்துக்குப் பிள்ளைகளை வைத்திருந்த ஐந்து அப்பாக்கள் ஒரே நேரத்தில் தௌசீஃபைப் பார்த்தார்கள்.

"சார்," என்றார் தலைவர் மெதுவாக, "இனிமே காத்து எத்தினி மணிக்கு வரும்?"

"அத இந்தப் படம் சொல்லாதுங்க."

"இம்மாம் பெரிய படம் வெச்சிகினு காத்து எப்போ வரும்னு தெரியாதா?"

பிறகு நடந்தது அந்தக் குப்பத்தின் வரலாற்றிலேயே வேகமான தீர்மானம். வெற்றிலைச் சட்டம் இன்றோடு ரத்து. பக்கத்துக் குப்பங்களும் இதையே செய்ய வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் கடிதம். தலைவர் நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மூடியைப் பேனாவில் மாட்டினார்.

அந்த நொடியில் கொடி படபடத்தது. வெற்றிலை எழுந்து தலைவர் மடியில் போய் உட்கார்ந்தது. தௌசீஃபின் முடிச்சுகள் நான்கும் ஒன்றாக அவிழ, ஃபிளெக்ஸ் பந்தலைத் தாண்டி மேற்கே பறந்தது.

"காத்து வந்துட்ச்சி அண்ணே" என்றாள் பட்டம்மாள். "அந்த நோட்ட இப்டி குடு. அடிச்சிடலாம்."

"கையெழுத்து போட்டாச்சு பட்டு. இனிமே முடியாது." தலைவர் நோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பட்டம்மாள் அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ஃபிளெக்ஸ் கருவேல மரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகும் ஆள் ஏற்கெனவே அதன் பின்னால் ஓட ஆரம்பித்திருந்தார். பட்டம்மாளின் வீட்டுக் கூரையும் ஒழுகியது.

"இன்னா நின்னுகினு கீற?" என்று எழிலனைப் பார்த்துச் சொன்னாள். "உன் வேலூரு பறந்துகினு போவுது. அவன் எட்றதுக்குள்ள ஓடி புடி மாப்ள."

எழிலன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினான்.