இரண்டு டிஸ்க்

"வெளிச்சத்த இன்னும் கொஞ்சம் கீழ காட்டு" என்றார் ஹைதர்.

ரொஸ்னா கைப்பேசியைத் தாழ்த்திப் பிடித்தாள். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இரண்டாவது டிஸ்கை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார் அவள் கணவர். ஒரு திருகாணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்கியது. இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தார்.

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசை இப்போது அவருடைய பட்டறை. கோலாலம்பூரில் இருக்கும் மகள் நஸீஹாவின் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க் சத்தமில்லாமல் கெட்டுப்போய், பாதிப் படங்கள் சாம்பல் பட்டைகளாகத் திறந்த நாளில் இது ஆரம்பித்தது. வீட்டிலேயே ஒரு சர்வர், மிச்சப் படங்கள் எல்லாம் அதில். கடையில் விற்கும் ரெடிமேட் பெட்டியை வேண்டாம் என்றுவிட்டார். அது பழுதானால் அதே கம்பெனிப் பெட்டியைத் தேடி அலைய வேண்டும். இந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். டிஸ்க் மட்டும் புதிது, ராப்பகல் ஓடுவதற்கென்றே செய்த ரகம். எல்லாம் முடிவாகிவிட்டது. டிஸ்கில் படங்களை எந்த முறையில் எழுதிவைப்பது என்ற ஃபைல் சிஸ்டம்தான் பாக்கி.

"இசட்.எஃப்.எஸ். போட்டா ரெண்டு டிஸ்க்லயும் ஒரே படம் இருக்கும். ஒண்ணுல கெட்டுச்சுன்னா மத்ததப் பாத்து அதுவே சரி பண்ணிக்கும். நஸீஹாவும் அதத்தான் சொல்றா."

"அப்ப அதயே போடுங்க லா."

"ஒன்னோட லேப்டாப் அத படிக்காது. சாதாரண ஃபார்மேட்னா டிஸ்க கழட்டி கேபிள்ல மாட்டுனா போதும், நீயே பாத்துக்கலாம்." அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நா இல்லாத நேரத்துல..."

"இல்லாம எங்க போறீங்க?" ரொஸ்னா கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டாள். "நல்லது எதுவோ அத போடுங்க. கெட்டுப்போனா சரி பண்ண நீங்க இருப்பீங்க."

"சரி லா" என்றார் அவர்.

அவள் அடுப்படிக்குப் போய்த் தேவைக்கு மேல் வெங்காயம் நறுக்கினாள். பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. விசிறி சுழன்றது. கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் ஓசை. பிறகு விசிறி மட்டும்.

"சாயா போடவா?"

வந்து பார்த்தபோது மடித்த கையில் தலை சாய்த்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அவள் தோளைத் தொட்டாள். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

டாக்டர் வந்து போனார். குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஹைதரின் தம்பி அப்துல் ரஹீம் வந்து ஆக வேண்டியதைப் பார்த்தார்.

"மைனி, அசர் தொழுகைக்குப் பெறகு அடக்கம் வச்சிரலாம். நஸீஹாவுக்கு கே.எல்.லேருந்து ஃபிளைட் கெடச்சிருச்சு. வந்துருவா."

கூடத்தை ஒழித்தார்கள். நாற்காலிகள் வெளியே போயின. ரஹீம் மேசையை நகர்த்துவதற்காக பிளக்கில் கை வைத்தார். திரையில் படங்கள் காப்பியாவதைக் காட்டும் பச்சைக் கோடு பாதிவரை வந்திருந்தது.

"அத எடுக்காதீங்க."

எல்லோரும் ரொஸ்னாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெசின் ஓடிக்கிட்டிருக்கு மைனி. யாசீன் ஓத வருவாங்க..."

"பெருசா சத்தம் இல்லையே. அவரு ஒரு வேலைய ஆரம்பிச்சு வச்சிருக்காரு. அது முடியட்டும்."

ரஹீம் அறைக்குள் கிடத்தியிருந்த தன் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். வயர் எட்டும் தூரத்துக்கு மேசையைத் தள்ளி, அந்த இடத்தில் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். ஓதும் குரல்களில் விசிறிச் சத்தம் அமுங்கிப்போயிற்று. அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் மறுபடி கேட்டது. வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொஸ்னா பச்சைக் கோட்டைப் பார்க்கவில்லை. எந்த ஃபார்மேட் என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நஸீஹா வந்து அத்தாவின் காலில் முகம் வைத்து அழுதாள். குளிப்பாட்டினார்கள், கஃபன் துணி உடுத்தினார்கள். சந்தூக் பெட்டி லிஃப்டில் கொள்ளாது என்று படிவழியாகவே தூக்கிப்போனார்கள். திக்ர் ஓதும் சத்தம் மாடி மாடியாக இறங்கிப் போவதை ரொஸ்னா வாசலில் நின்று கேட்டாள். அப்புறம் வேன் கதவு சாத்தப்பட்டது.

உள்ளே நஸீஹா திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கோடு முடிந்திருந்தது.

"ம்மா, அத்தா என்ன இப்புடி பண்ணி வச்சிருக்காரு? ஒரு டிஸ்க்ல இசட்.எஃப்.எஸ்., இன்னொண்ணுல சாதாரண ஃபார்மேட். ரெண்டுலயும் எல்லா படத்தையும் காப்பி பண்ணிருக்காரு."

"அதனால என்ன?"

"ரெண்டும் சேந்து இருந்தாத்தாம்மா அது தானா சரி பண்ணும். தனியா இருந்தா கெட்டுப்போச்சுன்னு சொல்லும், அவ்வளவுதான். இது அவருக்குத் தெரியாதா?"

ரொஸ்னா பெட்டியின் மேல் கை வைத்தாள்.

"பரவால்ல, நா அழிச்சிட்டு ஒழுங்கா போட்டுத் தரேன்."

"வேணாம்."

"ம்மா, இது சரியில்லம்மா..."

"தெரியும். இருக்கட்டும்." அவள் அறைக்குப் போய்த் தன் லேப்டாப்பை எடுத்து வந்தாள். "என் டிஸ்க, இந்த லேப்டாப் படிக்கிறத, கழட்டிக் குடு."

நஸீஹா கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்கை எடுத்துக் கொடுத்தாள். கேபிளை ரொஸ்னாவே மாட்டினாள். முதல் தடவை தலைகீழாகப் பிடித்துவிட்டாள்; திருப்பி மாட்டினாள். திரையில் ஒரு ஜன்னல் திறந்தது. உள்ளே வரிசை வரிசையாகப் படங்கள். கை போன இடத்தில் ஒன்றை அழுத்தினாள்.

மீன் பசார். ஈரத் தரை. பாதி முதுகு காட்டி நிற்கும் ரொஸ்னா.

"இது எப்பம்மா?"

"தெரியலையே. எடுத்ததே எனக்குத் தெரியாது."

நஸீஹா ஒரு நாற்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டாள். ரொஸ்னா உட்கார்ந்து, திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். படத்தில் மீன்காரன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு கெம்போங் மீனின் செவுளை ஒற்றை விரலால் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.